ரிஜெக்ட் என்றால் ஏன் என்று சொல்லுங்கள்

எங்கள் இ-சேவை மையத்துக்கு வருகிறவர்கள் திரையை எட்டிப் பார்த்து முதலில் கேட்பது, "இப்ப யாரு லாகின்ல நிக்குது?" என்பதுதான். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) லாகின், ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) லாகின், தாசில்தார் லாகின் என்று விண்ணப்பம் ஏறுகிற மூன்று படிகளும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கே மனப்பாடம். பேரனின் வருமானச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்த மறுநாளே வந்து நின்று, "ஆர்ஐகிட்ட போயிடுச்சா பாப்பா?" என்பார்கள்.

கடலூர் மாவட்டம், விருத்தாசலம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இந்த மையத்தை நடத்துகிறேன். இப்படி மேசை மேசையாகத் தெரிவதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பு இதைத் தெரிந்துகொள்ளவே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறித் தாலுகா ஆபீஸ் போக வேண்டியிருந்தது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மே, ஜூனில் சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று குவிகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை கல்லூரி அட்மிஷனுக்கு முன்பே கைக்கு வந்துவிடுகின்றன. அந்த வாரங்களில் ராத்திரி எட்டு மணிக்கு மேல்கூட தாசில்தார் லாகினிலிருந்து ஒப்புதல் வருவதை நான் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிறவர்கள் செய்கிறார்கள்.

சிக்கல் எல்லாம் வாரிசுச் சான்றிதழ், உட்பிரிவு செய்து பட்டா மாறுதல், ஆதரவற்ற விதவைச் சான்று, முதியோர் உதவித்தொகை இவற்றில்தான். எந்த மேசையில் நிற்கிறது என்று தெரியும். ஏன் நிற்கிறது என்று தெரியாது. ரிஜெக்ட் ஆனால் ஏன் ரிஜெக்ட் என்பதும் தெரியாது.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கணவர் சென்னையில் கட்டட வேலை பார்த்தவர், அங்கேயே இறந்துவிட்டார். பேங்கில் இருந்த கொஞ்சப் பணத்தை எடுக்கவும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உதவித்தொகை கேட்கவும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினோம். பல நாள் விஏஓ லாகினில் நின்றது. அப்புறம் ஒரு நாள் தள்ளுபடி. காரணம் என்ற இடத்தில் இருந்தது ஒரே வரி: "உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை."

எது உரிய ஆவணம்? எது விட்டுப்போனது? அந்த வரியை எத்தனை தடவை படித்தாலும் அதிலிருந்து எதுவும் எடுக்க முடியாது. தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். திருமணப் பத்திரிகை வை என்றார் ஒருவர். மாமனாரின் இறப்புச் சான்றிதழ் வை என்றார் இன்னொருவர். அந்த அக்கா வீட்டைத் தலைகீழாக்கி எல்லாவற்றையும் தேடி எடுத்து வந்தார். மறுபடி 60 ரூபாய், மறுபடி விண்ணப்பம், மறுபடி அதே வரி. கடைசியில் அலுவலகத்துக்கே போய் நாள் முழுக்க நின்றபோது, அங்கே ஓர் உதவியாளர் ஃபைலைப் பார்த்துவிட்டு வாயால் சொன்னார்: ஆதாரில் கணவரின் முழுப் பெயர் இருக்கிறது, ரேஷன் கார்டில் ஊரில் கூப்பிடும் பெயர் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வாம்மா. அவ்வளவுதான். அதை வைத்ததும் சான்றிதழ் வந்துவிட்டது.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்று அந்த அக்கா என்னிடம்தான் கேட்டார். யாரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தள்ளுபடி செய்தவரின் பெயரோ பதவியோ, அடுத்து யாரிடம் முறையிடலாம் என்பதோ அந்த ஒரு வரியில் இல்லையே.

மாநில அரசு மக்களுக்குக் காது கொடுக்க வேண்டும் என்று மேடையில் எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால் பெரிய திட்டம் எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு விண்ணப்பமோ மனுவோ தள்ளுபடியானால், புரிகிற தமிழில் காரணம், முடிவெடுத்தவரின் பதவி, மேல்முறையீட்டுக்கு ஒரு மேலதிகாரி, அதற்கு ஒரு காலக்கெடு. இவை நான்கும் மனு கொடுத்தவர் கைக்கு வந்தே தீர வேண்டும், அதுவும் சட்டப்படி. இதைத்தான் கேட்கிறேன்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. இதே தமிழ்நாடு அரசு 2023-ல் இதைச் செய்து காட்டியது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். செப்டம்பர் 15 அன்று 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு திட்டம் தொடங்கியது. மீதி 56 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தள்ளுபடி. ஆனால் அந்தத் தடவை, தள்ளுபடியானவர்களுக்கு ஏன் என்று குறுஞ்செய்தி அனுப்பினார்கள். வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் கிடையாது என்றும் அறிவித்தார்கள்.

அந்த வாரங்களை நான் மறக்க மாட்டேன். சர்வர் திக்கித் திணறியது, வாசலில் வரிசை ரோடு வரை நின்றது. ஆனால் வந்தவர்கள் கையில் ஒரு காரணம் இருந்தது. அதோடு வாதாட முடிந்தது. ஒரு பெண்ணுக்கு, வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் என்று வந்திருந்தது. அவர் குடியிருப்பது வாடகை வீட்டில். மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர். "நான் ஓட்டறது ஒரு ஃபேனும் டிவியும்தான், எதுத்த வீட்டு மோட்டாரையும் என் கணக்குல எழுதிட்டாங்களா?" என்று கோபமாகக் கேட்டார். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி மேல்முறையீட்டில் எழுதினோம். வாடகை வீடு, ஒரே இணைப்பு, மூன்று குடும்பம் என்று மூன்று வாக்கியம்தான். அவருக்கும் பணம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று மாநிலம் முழுக்க 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள்.

காரணம் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஏழு லட்சம் பேரில் எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே புலம்பிவிட்டு ஓய்ந்திருப்பார்கள்? 1000 ரூபாய் திட்டத்தில் முடிந்தது, வாரிசுச் சான்றிதழிலும் பட்டாவிலும் முடியாதா? சாஃப்ட்வேர் இருக்கிறது. குறுஞ்செய்தி வசதி இருக்கிறது. கோட்டாட்சியரும் இருக்கிறார்.

அடுத்து மனுக்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று அரசாணையே இருக்கிறது. ஆனால் அந்த மனு எந்த வழியில் போகிறது என்று பாருங்கள். கலெக்டரிடம் கொடுக்கிறோம். அவர் அலுவலகம் கோட்டாட்சியருக்கு அனுப்புகிறது, அங்கிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து ஆர்ஐக்கு, கடைசியில் விஏஓவுக்கு. எந்த மேசையில் வேலை நடக்கவில்லை என்று மனு கொடுத்தோமோ, சுற்றி வந்து அதே மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. அவர் எழுதும் அறிக்கை அதே படிகளில் மேலே ஏறுகிறது. "மனு பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று ஒரு கடிதம் வீட்டுக்கு வரும். கணக்கில் அது தீர்க்கப்பட்ட மனு.

முதலமைச்சர் தனிப்பிரிவுக்குப் போட்டாலும், 1100-க்கு போன் செய்தாலும், பெரும்பாலும் இதே பாதைதான். மேலே எவ்வளவு உயரத்தில் கொடுத்தாலும் கீழே ஒரே இடத்தில்தான் வந்து விழுகிறது. நடுவில் யாரும் மனுதாரரைக் கூப்பிட்டு, "நீ சொல்றது என்ன, அவர் சொல்றது என்ன?" என்று இரண்டு பேரையும் எதிரெதிரே வைத்துக் கேட்பதில்லை.

இதன் விலை என்ன என்பதை 2017 அக்டோபர் 23 அன்று இந்த மாநிலமே பார்த்தது. அன்றும் திங்கட்கிழமைதான். திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் பலனில்லாமல், கணவன், மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகள் என ஒரு குடும்பமே தீயில் முடிந்துபோனது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. மனு கொடுக்க இடமும் இருந்தது. அந்த மனுக்களுக்கு ஒழுங்கான பதில்தான் இல்லை. அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் திங்கட்கிழமை தோறும் போலீஸ்காரர்கள் பையைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மனு கொடுக்க வந்த கிழவியின் மஞ்சப் பையிலும் கையை விட்டுத் தேடுகிறார்கள். அந்தச் சோதனை அவசியம் என்று எனக்குப் புரிகிறது. பையைத் திறந்து பார்க்கும் அதே அக்கறையோடு, அந்த ஆள் இதற்கு முன் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்றும் அங்கேயே ஒருவர் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா? "ஏற்கெனவே மனு கொடுத்திருக்கீங்களா, எப்போ, என்ன பதில் வந்தது?" என்று கேட்பதற்கு ஒரு மேசை போட எவ்வளவு செலவாகிவிடும்?

2025 ஜூலை 15 அன்று எங்கள் மாவட்டத்தில், சிதம்பரத்தில்தான் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களைத் தொடங்கி வைத்தார்கள். 45 நாளில் தீர்வு என்றார்கள். முகாமில் நன்மை இல்லாமல் இல்லை. எல்லாத் துறையும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கும். ஈபி பெயர் மாற்றம், மருத்துவக் காப்பீட்டு அட்டை போன்றவற்றைப் பலர் அங்கேயே முடித்துக்கொண்டார்கள். இதற்கு முன்பு 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' இருந்தது, 'மக்களுடன் முதல்வர்' இருந்தது, அதற்கும் முன்பு அதிமுக ஆட்சியில் 'அம்மா திட்டம்' இருந்தது. பெயர் மாறும், பந்தல் ஒன்றுதான். முகாம் நடக்கும்போது வேலை ஓடுகிறது, ஏனென்றால் மேலே இருந்து தினமும் எத்தனை முடிந்தது என்று கேட்கிறார்கள். முகாம் முடிந்ததும் கேள்வி நின்றுவிடுகிறது. அந்த ஆகஸ்ட் கடைசியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் முகாம் மனுக்கள் வைகை ஆற்றில் மிதந்ததை டிவியில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒருவர் வரிசையில் நின்றிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்வதால் விஏஓக்கள் மீது பழி போடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒரு விஏஓவுக்குச் சொந்தக் கிராமத்தோடு இன்னொரு கிராமம் கூடுதல் பொறுப்பு என்பது சாதாரணம். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல், மழை வந்தால் வெள்ளச் சேதக் கணக்கு, அறுவடை வந்தால் நெல் கொள்முதலுக்கு அடங்கல் என்கிற சாகுபடிச் சான்று, எல்லாமே அந்த ஒரே ஆள்தான். மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் ஒரு விஏஓவை அவர் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். நேர்மையாக வேலை செய்தவருக்கும் அரசு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காலியிடங்களை நிரப்பாமல் காலக்கெடு மட்டும் வைத்தால், கெடு முடிகிற நாளில் மொத்தமாக ரிஜெக்ட் தட்டுவதுதான் நடக்கும். அதனால்தான் கெடுவை விடக் காரணத்தை முக்கியமாகச் சொல்கிறேன். காரணம் எழுத வேண்டும் என்றால் விண்ணப்பத்தைப் படித்தாக வேண்டும்.

அரசுச் சேவையைக் குறித்த நாளுக்குள் தந்தாக வேண்டும் என்பதை மற்ற மாநிலங்கள் 'சேவை உரிமைச் சட்டம்' என்று சட்டமாகவே ஆக்கி வெகு காலமாகிறது. 2010-ல் மத்தியப் பிரதேசம்தான் முதலில் கொண்டுவந்தது. கர்நாடகத்தில் 'சகாலா' என்று பெயர். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய், விண்ணப்பித்தவருக்கு இழப்பீடு. தொகை சின்னதுதான், ஆனால் தாமதத்துக்குக் காரணமானவரிடமிருந்தே வசூலிக்கப்படும் என்பது அதை வேறு மாதிரி ஆக்குகிறது. கேரளத்திலும் 2012-லேயே வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது பீகார் செய்தது. சேவைக்கு 2011-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அது போதாது என்று குறைகளுக்காக 2015-ல் தனியாக இன்னொரு சட்டம். 2016 ஜூன் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மக்கள் குறை கேட்பதற்கென்றே தனி அதிகாரிகள். மனு கொடுத்தவரையும், யார் மீது குறையோ அந்தத் துறை அதிகாரியையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிக்கிறார்கள். 60 வேலை நாளுக்குள் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு, அதற்கு மேல் இன்னொன்று. நிர்வாகத்தில் நாம் முன்னோடி என்று பெருமைப்படுகிற நாம், பீகாரைப் பார்த்து இந்த ஒன்றைக் கற்றுக்கொள்வதில் எந்தக் கூச்சமும் படத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் சேவை உரிமைச் சட்டம் வரும் என்பது 2021 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. பாமக பல வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2025 முழுக்கக் கழிந்தும் சட்டம் வரவில்லை. தகவல் பெறும் உரிமைக்கு நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 2005-ல். அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1997-ல், நாட்டிலேயே முதலாவதாக அப்படியொரு சட்டம் போட்ட மாநிலம் இது. அன்று முதலாவதாக நின்றவர்கள் இதில் கடைசியாக நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கிராம சபையையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் போடுகிறோம், கையெழுத்து வாங்குகிறார்கள். அது என்ன ஆயிற்று என்று அடுத்த சபையில் வாசிப்பது அபூர்வம். எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். வார்டு மெம்பர் என்று ஒருவர் இருந்தவரை, தெருவிளக்கு எரியாவிட்டால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார முடியும். அடுத்த தடவை ஓட்டுக்கு வர வேண்டியவர் என்பதால் அவரும் அலைவார். தனி அலுவலரின் திண்ணை எங்கே இருக்கிறது? தேர்தலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அரசுக்கும் ஊருக்கும் நடுவே இருந்த அந்த ஒரே மனித வழி அடைபட்டுத்தான் கிடக்கிறது.

சட்டம் வரும்வரை என்ன செய்வது என்று மையத்தில் பலர் கேட்கிறார்கள். என்னால் முடிந்தது இது. விண்ணப்பிக்கும்போது உங்கள் கையிலேயே இருக்கும் போன் நம்பரைக் கொடுங்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பரைக் கொடுத்தால் குறுஞ்செய்தி அங்கேதான் போகும், அவன் நைட் ஷிப்டில் கவனிக்க மாட்டான். ஒப்புகைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். கலெக்டரிடம் மனு கொடுக்கும்போது, இதற்கு முன் கொடுத்த மனுவின் எண்ணையும் தேதியையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் பதில் இல்லை என்றாலோ, புரியாத ஒரு வரியில் தள்ளுபடி என்றாலோ, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். ஏன் இப்படி செய்தீர்கள் என்று சண்டையாக எழுத வேண்டாம், அதற்குப் பதில் வராது. இப்படி எழுதுங்கள்: இந்த எண்ணுள்ள என் விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது, ஒவ்வொருவரும் அதில் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும், தள்ளுபடி செய்தவரின் பெயரும் பதவியும் வேண்டும், எந்த விதியின்படி தள்ளுபடி என்பதன் நகல் வேண்டும், அதன் மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று தெரிவிக்க வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் இன்னொரு கடிதம் போடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

எழுதத் தெரியாது என்றால் எங்கள் மையத்துக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கூட்டம் இருக்காது. இந்தக் கடிதங்களுக்கு நான் காசு வாங்குவதில்லை. தள்ளுபடி ஆன சீட்டை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.